பழைய நெட்புக்கும் அதன் ஆயுளும்

பத்து அங்குலத் திரையும், ஒரு கிலோவுக்குச் சற்று மேற்பட்ட எடையும், விரித்த இரண்டு உள்ளங்கைகளுக்கு மேல் இடம் பிடிக்காத விசைப்பலகையும் கொண்டு, ஏறக்குறையப் பதினைந்து வருஷங்களுக்கு முன் நெட்புக் என்ற பெயரில் பல வீடுகளுக்கு வந்து சேர்ந்த சிறு மடிக்கணினிகள், இன்று பெரும்பாலும் அலமாரியின் மேல்தட்டில் துணிப்பைக்குள் சுற்றி வைக்கப்பட்டிருக்கின்றன. அவற்றை எடுத்துத் தூசி துடைத்துச் சார்ஜரைச் செருகிப் பார்ப்பவர்கள் சொல்லுகிற வார்த்தை அநேகமாக ஒன்றாகவே இருக்கிறது: “ஓடுகிறது, ஆனால் ஒன்றுக்கும் உதவாது.” இவ்வாக்கியத்தின் முற்பகுதி உண்மை. பிற்பகுதி எவ்வளவு தூரம் உண்மை, அதை மாற்றும் உபாயங்கள் எவை, அவ்வுபாயங்கள் எந்த எல்லையில் நின்றுவிடுகின்றன என்பதே இங்கே ஆராய எடுத்துக்கொண்ட விஷயம். என்னிடமும் அத்தகைய யந்திரம் ஒன்று, இன்டெல் ஆட்டம் என்270 செயலியுடன் 2009-இல் வாங்கியது, இருக்கிறது. இக்கட்டுரையின் பெரும்பகுதி அதிலேயே எழுதப்பட்டது.

இவ்வகைக் கணினி எப்படிப் பிறந்தது என்பதைத் தெரிந்துகொண்டாலொழிய அதன் குறைகளின் காரணம் விளங்காது. மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த நிக்கோலஸ் நெக்ரோபான்டி, வறிய நாடுகளின் குழந்தைகள் ஒவ்வொருவருக்கும் நூறு டாலர் விலையில் ஒரு மடிக்கணினி என்ற லட்சியத்தை 2005-இல் உலகத்தின் முன் வைத்தார். அந்த விலை கைகூடவில்லை. ஆயினும், எல்லாம் செய்யவல்ல பெரிய யந்திரத்துக்குப் பதிலாகச் சில காரியங்களை மட்டும் செய்யும் சிறிய, மலிவான யந்திரத்தையும் மக்கள் விரும்பி வாங்குவார்கள் என்ற எண்ணம் வியாபார உலகில் அதனால் வேரூன்றியது. 2007-இன் பிற்பகுதியில் தைவான் நாட்டின் ஏசுஸ் நிறுவனம் ஈ பிசி 701 என்ற மாடலை வெளியிட்டது. ஏழு அங்குலத் திரை, 512 மெகாபைட் ரேம், பலகையோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்ட 4 ஜிபி ஃபிளாஷ் சேமிப்பு, லினக்ஸ் இயங்குதளம், ஒரு கிலோவுக்கும் குறைந்த எடை; இவ்வளவுதான் அதன் முழு வைபவம். 900 மெகாஹெர்ட்ஸ் வேகத்துக்கென்று செய்யப்பட்ட செயலியை அதில் 630 மெகாஹெர்ட்ஸுக்குக் குறைத்து ஓடவிட்டிருந்தார்கள். மறு வருஷமே இன்டெல் ஆட்டம் செயலியைக் கொண்டுவந்தது. ஏசர் ஆஸ்பயர் ஒன், டெல் மினி 9, எம்எஸ்ஐ விண்ட், சாம்சங் என்சி10 என்று ஒன்றன்பின் ஒன்றாகக் குட்டிக் கணினிகள் சந்தையை நிரப்பின. 2010-இல் ஐபேட் வந்தது. 2013-க்குள் ஏசுஸும் ஏசரும் நெட்புக் உற்பத்தியையே நிறுத்திக்கொண்டன. ஒரு சாதன வகை முழுவதும் ஆறு வருஷங்களுக்குள் பிறந்து, பெருகி, மறைந்தது.

அந்நாளைய வியாபார நிபந்தனை ஒன்றை இங்கே குறிப்பிடுவது அவசியம். விண்டோஸ் எக்ஸ்பி இயங்குதளத்தை மலிவுக் கணினிகளுக்குக் குறைந்த விலையில் கொடுத்த மைக்ரோசாஃப்ட், ரேம் 1 ஜிபிக்கு மேல் இருக்கலாகாது என்று வரம்பு கட்டியிருந்தது. பின்னர் வந்த விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் பதிப்பிலோ, திரையின் பின்னணிப் படத்தை மாற்றிக்கொள்ளும் உரிமைகூட வாங்கியவருக்கு இல்லை. ஆட்டம் என்270-ஐத் தாங்கிய பலகைகள் 2 ஜிபி வரை ஏற்கவல்லவை. ஆகவே பெரும்பாலான நெட்புக்குகள் தங்கள் இயற்கைச் சக்தியில் பாதியோடுதான் கடைக்கு வந்தன; மீதிப் பாதியைத் தடுத்தது பொறியியல் அன்று, ஒப்பந்தம். வாங்கியவர் தம் யந்திரத்தின் முழு வடிவத்தை ஒரு நாளும் பார்க்காமலே அதை மூடி வைத்துவிட்டார் என்பது எனக்கு உண்மையில் வருத்தம் தருகிற செய்தி.

இனி, மந்தம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். செயலி தேய்ந்துபோகவில்லை, 2009-இல் 1.6 கிகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடியது இன்றும் அதே வேகத்தில் ஓடுகிறது. வண்டியும் மாடும் பழையபடியே இருக்க, ஏற்றுகிற மூட்டைகளே பெருகிவிட்டன. ஸ்விட்சர்லாந்தின் கணினி அறிஞர் நிக்லாஸ் விர்த், மென்பொருள் பருத்துக்கொண்டே போவதைக் கண்டித்தும் மெலிந்த மென்பொருளை வேண்டியும் 1995-இலேயே ஒரு கட்டுரை எழுதினார். வன்பொருளின் வேகம் கூடுவதைவிட விரைவாக மென்பொருளின் மந்தம் கூடுகிறது என்ற அவருடைய கணிப்பு இன்று அவர் பெயராலேயே விதியாக வழங்குகிறது. அவர் அதை எழுதியபோது இணையப் பக்கம் என்பது பெரும்பாலும் எழுத்தும் சில படங்களுமே. இன்று சராசரியான ஒரு பக்கம் 2 மெகாபைட்டைத் தாண்டிவிட்டது. அதைவிட முக்கியமாக, அப்பக்கத்தோடு வந்து சேர்கிற நிரல்கள் நம் கணினியிலேயே ஓடுகின்றன. ஒரு செய்தியைப் படிக்கத் திறந்தால், செய்தியின் எழுத்துகளைவிடப் பன்மடங்கு நிரல்களை நம் செயலி சுமக்கவேண்டியிருக்கிறது.

அந்தச் சுமையைத் தாங்குவதில் பழைய ஆட்டத்துக்குப் பிரத்தியேகமான ஒரு சிரமம் உண்டு. மின்சாரத்தை மிச்சப்படுத்துவதற்காக, கட்டளைகளை வந்த வரிசைப்படியே நிறைவேற்றும் எளிய அமைப்பில் அதைச் செய்தார்கள். ரேஷன் கடை வரிசையில் முன்னால் நிற்பவர் பையைத் தேடிக்கொண்டிருந்தால் பின்னால் நிற்பவர் எல்லோரும் காத்திருக்க நேர்வதுபோல, ஒரு கட்டளை நினைவகத்திலிருந்து வரவேண்டிய தகவலுக்காக நின்றால் அடுத்தடுத்த கட்டளைகளும் நின்றுவிடுகின்றன. அக்காலத்துப் பெரிய மடிக்கணினிகளின் செயலிகள், பின்னால் இருப்பவரை முன்னே அழைத்துக் காரியத்தை முடித்துக்கொள்ளும் திறமை வாய்ந்தவை. இந்தக் குறை எந்த உபாயத்தாலும் தீராது. செயலி பலகையோடு பற்றவைக்கப்பட்டது, மாற்றவும் இயலாது. ஆகவே பழைய நெட்புக்கைச் சீர்திருத்துகிறவன் செய்யக்கூடியது, செயலியை அனாவசியமாகக் காக்கவைக்கும் மற்ற காரணங்களை ஒவ்வொன்றாக நீக்குவதுதான். அக்காரணங்களில் முதன்மையானவை இரண்டு: ரேம் பற்றாக்குறை, சுழல்தட்டின் மந்தம்.

ரேமைத் தேடி நான் சென்னை ரிச்சி தெருவுக்குப் போனேன். மொபைல் உறைகளும் கேமராக்களும் குவிந்த முன்கடைகளைக் கடந்து, பழைய உதிரிப் பாகங்களைப் பிளாஸ்டிக் டப்பாக்களில் அடுக்கி வைத்திருந்த ஒரு சிறு கடையில் என் பழைய ரேமைக் காட்டிக் கேட்டபோது, கடைக்காரத் தம்பி அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, “டிடிஆர்2 இப்ப புதுசு வர்றதில்ல சார், கழட்டினது ஒண்ணு இருக்கு, இங்கயே போட்டுப் பார்த்துட்டுக் காசு குடுங்க” என்றார். அங்கேயே யந்திரத்தைக் கவிழ்த்து, பேட்டரியைக் கழற்றிவிட்டு, அடிப்புறத்து மூடியின் இரண்டு திருகுகளையும் எடுத்தார். சிறிய பச்சைப் பலகை ஒன்று இரண்டு உலோகக் கொக்கிகளுக்கிடையே படுத்திருந்தது. கொக்கிகளை விரல்நகத்தால் வெளிப்புறம் விலக்கியதும் அது தானே சாய்வாக எழும்பி நின்றது. அதை உருவிவிட்டு, 2 ஜிபி பலகையை அதே சாய்வில் செருகி அழுத்த, ‘டிக்’ என்ற ஓசையோடு அது படிந்தது. ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. பதினைந்து வருஷமாக ஓர் ஒப்பந்த வாசகம் தடுத்து வைத்திருந்ததை இரண்டு திருகுகள் விடுவித்துவிட்டன.

எல்லா மாடல்களிலும் இக்காரியம் இவ்வளவு சுலபமன்று. ஆஸ்பயர் ஒன்னின் முதல் வரிசையில் ரேம் துளையை அடைவதற்கு விசைப்பலகை தொடங்கி உட்பலகை வரை எல்லாவற்றையும் பிரிக்கவேண்டும். 512 மெகாபைட் பலகையிலேயே ஒட்டியிருப்பதால் மொத்தம் 1.5 ஜிபிக்கு மேல் போகவும் முடியாது. என்455, என்550 முதலிய பிந்தைய செயலிகள் டிடிஆர்3 வகையைக் கேட்பவை. டிடிஆர்2 பலகையின் வெட்டுக்குழி வேறிடத்தில் இருப்பதால் இரண்டும் ஒன்றின் இடத்தில் மற்றொன்று பொருந்தா. பழைய பலகையைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போவதே உத்தமம்.

சுழல்தட்டைப் பற்றிச் சொல்லவேண்டியது இன்னும் கொஞ்சம் அதிகம். நிமிஷத்துக்கு 5400 சுற்றுச் சுழலும் ஹார்டு டிஸ்கில், வேண்டிய தகவல் இருக்கும் இடத்துக்கு ஊசி நகர்ந்து, தட்டும் அந்த இடத்தைக் கொண்டுவந்து நிறுத்துவதற்குள் பத்து மில்லி விநாடிக்கு மேல் ஆகிவிடுகிறது. கணினியைத் தொடக்கும்போது படிக்கவேண்டிய கோப்புகளோ ஆயிரக்கணக்கானவை, தட்டு முழுவதும் சிதறிக் கிடப்பவை. ஒவ்வொரு புத்தகத்துக்கும் மாடி ஏறி இறங்கும் நூலகப் பணியாளின் நிலைமை அது. ஃபிளாஷ் சேமிப்பான எஸ்எஸ்டியில் நகரும் பாகமே இல்லையாதலால் இந்தக் காத்திருப்பு ஏறக்குறைய மறைந்துவிடுகிறது. பழைய ஆட்டம் யந்திரங்களின் சாட்டா இணைப்பு விநாடிக்கு 1.5 கிகாபிட் மட்டுமே தாங்கும் முதல் தலைமுறையைச் சேர்ந்தது, இன்றைய எஸ்எஸ்டியின் முழு வேகம் அதில் கிடைக்காது என்று ஆக்ஷேபிப்பவர்கள் உண்டு. ஆக்ஷேபம் சரியே, ஆனால் நம் நோய் குழாயின் குறுகலால் வந்ததன்று, ஊசியின் அலைச்சலால் வந்தது. ஆகையால் இருப்பதில் மலிவான 120 ஜிபி எஸ்எஸ்டியே போதும். அதற்கு மேல் செலவழிப்பது வீண்.

எஸ்எஸ்டி என்ற பெயரைக் கண்டு மட்டும் ஏமாறிவிடக் கூடாது. முதல் நெட்புக்குகளில் சிலவற்றில் இருந்த ஃபிளாஷ் சேமிப்பு, சிறு சிறு கோப்புகளை எழுதும்போது ஹார்டு டிஸ்கைவிடவும் தடுமாறியது. அவற்றின் இணைப்பு முறையும் வெவ்வேறு: ஈ பிசி 701-இல் பற்றவைத்தது, டெல் மினி 9-இல் தனி வடிவத் துண்டு, ஆஸ்பயர் ஒன்னின் முதல் மாடலில் மெல்லிய நாடாக் கம்பி. சாதாரண இரண்டரை அங்குல எஸ்எஸ்டி பொருந்துவது, முதலில் ஹார்டு டிஸ்குடன் விற்கப்பட்ட மாடல்களில்தான். மற்றவற்றுக்கு, இயங்குதளத்தை உள்ளேயும் சொந்தக் கோப்புகளை எஸ்டி கார்டிலுமாகப் பிரித்து வைப்பதே நடைமுறைக்கு ஒத்த வழி.

பேட்டரி விஷயத்தில் நிதானம் வேண்டும். நெட்புக்கின் பேட்டரிக்குள் இருப்பவை 18650 என்ற எண்ணால் அறியப்படும் உருளை வடிவ லித்தியம் அயான் செல்கள்; அவற்றைப் பிரித்துப் புதிய செல்களை வைத்துத் தரும் ஆட்கள் இருக்கிறார்கள். ஸ்பாட் வெல்டிங் சாதனமும் அனுபவமும் உள்ளவரிடம் கொடுத்தால் பயன் உண்டு. வீட்டில் சால்டரிங் இரும்பை வைத்துக்கொண்டு முயல்வது தீயோடு விளையாடுவதாகும். இவ்வகைக் கணினிகளில் பெரும்பாலானவை, பேட்டரியைக் கழற்றிவிட்டு அடாப்டரில் மட்டுமே ஓடவல்லவை என்பதால், கெட்டுப்போன பேட்டரி யந்திரத்தின் மரணமன்று.

பெரிய பேட்டரியைவிட என்னைத் தடுமாறவைத்தது, பலகையில் இருக்கும் பொத்தான் அளவுச் சிறு பேட்டரிதான். அலமாரியிலிருந்து எடுத்த முதல் நாள், வைஃபை சரியாக இணைந்தும் எந்த இணையத் தளமும் திறக்கவில்லை. பாதுகாப்பற்ற இணைப்பு என்ற எச்சரிக்கையே எல்லாவற்றிலும் வந்தது. அரைநாள் தேடிய பிறகு திரையின் மூலையில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தேன்; அது 2008-ஆம் வருஷத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. சிறு பேட்டரி தீர்ந்துவிட்டதால் யந்திரம் தன் பிறந்த காலத்துக்கே திரும்பியிருந்தது; இன்றைய தளங்களின் சான்றிதழ்கள் எல்லாம் அதன் கணக்கில் இன்னும் பிறவாதவை. கடிகாரக் கடையில் கிடைக்கும் ஒரு வட்டப் பேட்டரி அக்குறையைத் தீர்த்தது. ‘இணையம் வேலை செய்யவில்லை’ என்று ஒதுக்கப்பட்ட பழைய கணினிகளில் எத்தனை இந்தக் காரணத்தாலேயே ஒதுக்கப்பட்டனவோ என்று நான் நினைப்பதுண்டு.

வைஃபை அட்டையை மாற்றலாம். ஆனால் சில மாடல்களின் பயாஸ் (கணினியைத் தொடக்கும் உள்நிரல்) தனக்குத் தெரியாத அட்டையை ஏற்க மறுத்துவிடும், அப்போது சிறு யுஎஸ்பி வைஃபையே போதும். விசிறியின் தூசியைத் துடைத்து, செயலியின் மேல் காய்ந்துபோன வெப்பப் பசையைப் புதுப்பிப்பதும் நன்று. வீடியோவுக்கென்று ஒரு காலத்தில் விற்ற கிறிஸ்டல் எச்டி அட்டைகளை இன்று தேடி அலைவதில் பிரயோஜனம் இல்லை. அவற்றை இயக்கும் மென்பொருள் பராமரிப்பற்றுப் போய்விட்டது.

மென்பொருளுக்கு வருவோம். இங்கே முதலில் கேட்கவேண்டிய கேள்வி, செயலி 32 பிட் வகையா, 64 பிட் வகையா என்பதே. என்270, என்280 ஆகியவை 32 பிட் மட்டுமே அறிந்தவை. 2010-இல் வந்த என்450 முதற்கொண்டு 64 பிட் வழக்கமாயிற்று. இந்த ஒரு வேறுபாடு யந்திரத்தின் எதிர்காலத்தை வேறு எந்த அம்சத்தையும்விட அதிகமாக நிர்ணயிக்கிறது. (64 பிட்டாக இருந்தும் இடர்ப்படுபவை உண்டு: என்2600 போன்ற செயலிகளின் வரைகலைப் பகுதி இன்டெலின் சொந்த வடிவமைப்பு அல்லவாதலால், லினக்ஸில் அதற்குத் தகுந்த இயக்கி கடைசிவரை கிடைக்கவில்லை.) 32 பிட்டுக்கு எதிரான கதவடைப்பு ஒரே நாளில் நிகழ்ந்ததன்று. 2016-இல் லினக்ஸுக்கான 32 பிட் குரோம் நின்றது, 2017-இல் உபுண்டு தன் 32 பிட் நிறுவல் வட்டையும், ஆர்ச் லினக்ஸ் 32 பிட் பதிப்பையும் கைவிட்டன, 2019-இல் ஃபெடோரா. எல்லோரும் விட்ட பிறகும் விடாமல் வைத்திருந்த டெபியன்கூட, 2025 ஆகஸ்டில் வந்த 13-ஆம் பதிப்பில் 32 பிட் கணினிகளுக்கான நிறுவியையும் கருநிரலையும் தருவதை நிறுத்திவிட்டது. அதே வருஷ இறுதியில் ஃபயர்பாக்ஸும், 145-ஆம் பதிப்பிலிருந்து, 32 பிட் லினக்ஸை விட்டு விலகியது.

ஆகவே என்270 வைத்திருப்பவருக்கு டெபியன் 12-உம் அதைத் தழுவிய விநியோகங்களுமே முதல் புகலிடம். அவற்றுள் நான் நெடுநாள் பழகியது ஆன்டிஎக்ஸ். 256 மெகாபைட் ரேம் உள்ள யந்திரத்தையும் கைவிடலாகாது என்ற நோக்கத்தோடு வளர்க்கப்பட்ட அது, ஐஸ்டபிள்யூஎம் என்ற எளிய சாளர நிர்வாகியோடு வருகிறது. மின்விசையைத் தட்டியபின் கணினி வேலைக்கு ஆயத்தமாகும்போது ரேமில் பெரும்பகுதி காலியாகவே இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் பாரி காலர் 2003-இல் தொடங்கிய பப்பி லினக்ஸ், தன்னையே முழுவதும் ரேமுக்குள் ஏற்றிக்கொண்டு ஓடுவதால், ஹார்டு டிஸ்க் செத்துப்போன கணினியையும் பென் டிரைவ் ஒன்றால் எழுப்பிவிடுகிறது. இருபத்துச் சொச்சம் மெகாபைட்டில் அடங்குகிற டைனி கோர் வியக்கத்தக்கது. ஆயினும் அன்றாட உபயோகத்துக்கு அதைச் செப்பனிடும் பொறுமை எல்லோருக்கும் வாய்க்காது. 64 பிட் உள்ளவர்களுக்கு வழி அகலம்: டெபியன் 13-ஐயே, எல்எக்ஸ்டிஇ அல்லது எல்எக்ஸ்க்யூடி மேசைத்தளத்துடன் நிறுவிக்கொள்ளலாம். எல்எக்ஸ்டிஇயைத் தோற்றுவித்த ஹாங் ஜென் யீயும், முதல் ஈ பிசியைப் போலவே, தைவான் தந்தவர்தாம்.

நிறுவிய பின் செய்யவேண்டிய ஒரு காரியம் உண்டு. அதன் பயனை அறியாமல் பலர் விட்டுவிடுகிறார்கள். இசட்ரேம் என்பது லினக்ஸ் கருநிரலிலேயே அடங்கிய ஒரு வசதி. ரேம் நிரம்பும்போது, உடனடியாகத் தேவைப்படாத தகவல்களை வட்டுக்குத் துரத்திவிடாமல், சுருக்கி ரேமின் ஒரு மூலையிலேயே வைத்துக்கொள்ள அது உதவுகிறது. ஒற்றை அறை வீட்டில் இரவு விரித்த பாய்களைக் காலையில் சுருட்டி மூலையில் நிறுத்தினால் பகல் வேலைக்கு இடம் கிடைக்கிறதல்லவா, அதைப்போல. சுருட்டவும் விரிக்கவும் செயலிக்குக் கொஞ்சம் உழைப்பு உண்டு. வட்டுக்குப் போய்வரும் அலைச்சலோடு ஒப்பிட்டால் அது அற்பம்.

சிறு திரைக்கென்று ஒரு பழக்கமும் தேவை. நெட்புக் திரையின் உயரம் 600 புள்ளிகளே. இன்றைய மென்பொருள்களின் அமைப்புச் சாளரங்களோ அதைவிட உயரமாக எழுதப்பட்டவை. சாளரம் திறக்கும், எல்லாத் தேர்வுகளும் தெரியும், ‘சரி’ என்ற பொத்தான் மட்டும் திரைக்குக் கீழே மறைந்திருக்கும். ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு சாளரத்தின் எந்த இடத்தையாவது பிடித்து மேலே இழுத்தால் பொத்தான் வெளிவரும். இதைத் தெரியாமல், நிறுவல் பாதியில் நின்றுவிட்டது என்று எண்ணி யந்திரத்தை அணைத்த நண்பர்களை நான் அறிவேன்.

தமிழில் எழுதுவோருக்கு இந்த யந்திரம் முன்னைவிட இப்போதுதான் அதிக சௌகரியம். எக்ஸ்பி காலத்தில் யூனிகோடு தமிழ் சரியாகத் தெரியவேண்டுமானால் மண்டல அமைப்புகளுக்குள் போய், நிறுவல் வட்டைச் செருகி, தனியே கோப்புகளை ஏற்றவேண்டியிருந்தது. இன்றைய லினக்ஸில் லோகித் அல்லது நோட்டோ எழுத்துருவும், எம்17என் தட்டச்சு முறைகளும் நிறுவினால், தமிழ்99 விசைப்பலகை அப்படியே கைக்கு வந்துவிடுகிறது. எழுதுவதற்கு ஜியானி போன்ற எளிய உரைத்தொகுப்பியே எனக்குப் போதுமானதாக இருக்கிறது. பக்க அமைப்பு வேண்டும்போது மட்டும் லிப்ரே ஆபீஸைத் திறக்கிறேன், அது திறப்பதற்குள் எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வரலாம், திறந்தபின் ஒழுங்காகவே நடக்கிறது. மின்னூல்களுக்கு மியூபிடிஎஃப், பாட்டுக்கு ஏதேனும் ஒரு சிறு இசைப்பான், கணக்குக்கு நியூமரிக். இவையெல்லாம் இந்த யந்திரத்தில் காத்திருக்கவே வைப்பதில்லை.

உலாவிதான் எல்லைக்கோடு. ஃபயர்பாக்ஸில் (32 பிட் லினக்ஸானால் 145-க்கு முந்தைய பதிப்பில்) ரேமண்ட் ஹில் உருவாக்கிய யுபிளாக் ஆரிஜின் நீட்சியைச் சேர்த்து, ஒரே சமயத்தில் இரண்டு மூன்று பக்கங்களுக்கு மேல் திறக்காமலிருந்தால், செய்தியும் மின்னஞ்சலும் விக்கிப்பீடியாவும் படிக்கலாம். படிப்பதற்கு மட்டுமே ஆன எளிய பக்கங்களுக்கு டில்லோ உலாவி மின்னல்போல் இருக்கிறது. ஏறக்குறைய ஒன்பது வருஷம் உறங்கிக் கிடந்த அந்தத் திட்டம் 2024-இல் புதிய பதிப்போடு எழுந்தது எனக்குப் பெரும் சந்தோஷம். வீடியோவை உலாவிக்குள் பார்க்க முயல்வது வீண். அதே வீடியோவை எம்பிவி என்ற வீடியோ இயக்கியில் 360 வரி அளவில் திறந்தால் தடையின்றி ஓடும். காணொலி அழைப்பு, புகைப்படத் திருத்தம், இன்றைய வகுப்பறை மென்பொருள்கள் ஆகியவற்றை இதனிடம் எதிர்பார்ப்பது அநியாயம். மாணவர் ஒருவரின் ஒரே கணினியாக இதைக் கொடுத்து அவரைச் சிரமப்படுத்துவதை நான் ஆதரிக்கமாட்டேன்.

இந்த முயற்சிக்கு எதிராகச் சொல்லப்படும் காரணங்களுள் கனமானது பாதுகாப்பு. விண்டோஸ் எக்ஸ்பிக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியோடு நின்றன. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியோடு. விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-ஆம் தேதி பொதுவான ஆதரவு முடிந்தது. இவற்றில் ஓடும் பழைய கணினியில் வங்கிக் கணக்கைத் திறப்பது கூடவே கூடாது என்பது என் தீர்மானமான அபிப்பிராயம். திருத்தங்கள் வந்துகொண்டிருக்கிற லினக்ஸ் வேறு. 2018-இல் உலகையே கலக்கிய மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்ற செயலிக் குறைபாடுகள், வரிசை மாறாமல் கட்டளைகளை நிறைவேற்றும் பழைய ஆட்டங்களைத் தொடவில்லை என்பதையும் சொல்லவேண்டும். எந்த எளிமையால் அவை மந்தமாயினவோ அதே எளிமை அவற்றைக் காத்தது.

பணத்தைப் பற்றி எனக்கு ஒரு வரம்பு உண்டு: பழைய ரேமுக்கும் சிறிய எஸ்எஸ்டிக்கும் ஆகும் தொகை, நல்ல நிலையில் உள்ள ஒரு செகண்ட்ஹேண்ட் மடிக்கணினியின் கிரயத்தில் நாலில் ஒரு பங்கைத் தாண்டினால், செகண்ட்ஹேண்டையே வாங்கிவிடுவது விவேகம். மின்சாரச் செலவைக் காட்டி மறுப்பதற்கு இடமில்லை. இந்த யந்திரம் தின்பது ஒரு சிறு பல்பின் அளவுதான். அதனாலேயே, திரையை மூடிவைத்து வீட்டின் கோப்புகளையும் பாட்டுகளையும் எல்லோருக்கும் பகிரும் சேவகனாக இதை இரவும் பகலும் ஓடவிடலாம். பேட்டரி கொஞ்சமேனும் உயிரோடிருந்தால், மின்தடையிலும் அது அணையாது நிற்கும்.

பழையதை எறிந்துவிட்டுப் புதியதை வாங்குவதுதான் எல்லாவற்றுக்கும் தீர்வு என்பார்க்கு ஒரு கணக்கைச் சொல்லவேண்டும். ஐக்கிய நாடுகளின் மின்கழிவு அறிக்கை 2024-இல் வெளியிட்டபடி, 2022-இல் உலகம் எறிந்த மின்னணுக் கழிவு 6.2 கோடி டன். அதில் முறைப்படி சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது 22.3 சதவீதம் மட்டுமே. ஒரு மடிக்கணினி சூழலுக்கு இழைக்கும் தீங்கில் பெரும்பங்கு அது செய்யப்படும்போதே நிகழ்ந்துவிடுகிறது. அதன் பிறகு அதை எத்தனை வருஷம் பயன்படுத்துகிறோமோ அத்தனைக்கு அந்தத் தீங்கு பொருளுடையதாகிறது. தமிழ்நாட்டில் இதற்கு நேரடியான பொருத்தம் உண்டு. 2011 செப்டம்பர் 15-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் மாணவர்களுக்குக் கிடைத்த முதல் வரிசைக் கணினிகள் நெட்புக்குகளைவிடப் பெரியவை, சக்தியும் மிகுந்தவை. இங்கே சொன்ன ரேம், எஸ்எஸ்டி, எளிய லினக்ஸ் என்ற மூன்றும் அவற்றுக்கு இன்னும் சிறப்பாகப் பலிக்கும். சி-டாக் நிறுவனம் டெபியனைத் தழுவி உருவாக்கிய பாஸ் லினக்ஸ், இத்திட்டத்தின் மூலமாகவே ஆயிரக்கணக்கான வீடுகளுக்கு அறிமுகமாயிற்று; அதைத் திறந்தே பாராமல் விட்டவர்கள் இப்போதேனும் லினக்ஸைத் திறந்து பார்க்கலாம்.

32 பிட் யந்திரம் வைத்திருப்போருக்குக் காலக்கெடு தெளிவாகவே இருக்கிறது: டெபியன் 12-இன் நீண்டகால ஆதரவு 2028 ஜூனில் முடிகிறது. அதன்பின் அதை இணையத்திலிருந்து விலக்கி, எழுதவும் படிக்கவும் பாட்டுக் கேட்கவும் மட்டுமே வைத்துக்கொள்ளவேண்டியிருக்கும். அதற்கும் அது தகுதியானதே. அலமாரியில் அத்தகைய பெட்டி ஒன்றை வைத்திருக்கும் அன்பர்கள் இந்த வாரமே அதைக் கீழே இறக்கிப் பார்க்கவேண்டும். பேட்டரி வீங்கியிருந்தால் உடனே கழற்றி மின்கழிவு சேகரிப்பவரிடம் ஒப்படையுங்கள். பழைய புகைப்படங்களும் கடிதங்களும் அந்த ஹார்டு டிஸ்கில் இருக்கக்கூடும்; வேறெதையும் தொடுமுன் அவற்றைப் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு கவிழ்த்து, அடிமூடியின் திருகுகளைக் கழற்றுங்கள்.